ஊசிக்கு இரண்டு நாள்

சூடான உருளைக்கு அடியிலிருந்து விரிப்பு வெளியே வரும்போது அதன் இரண்டு மூலைகளையும் ஒரே சமயத்தில் பிடித்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் துணி சுருண்டு தரையில் விழும். விழுந்தால் மறுபடி துவைக்கப் போக வேண்டும், மேற்பார்வையாளரின் முகமும் கூடவே சுருண்டுவிடும். வலது பக்கம், கூடத்தில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள் பிடித்தாள், இடது பக்கம் குட்டை பிடித்தாள். பிடித்து உதறியதும் நெட்டை தன் மூலைகளோடு நடந்து வந்து குட்டையின் கையில் சேர்ப்பாள். குட்டை வாங்கி, மடித்து, உள்ளங்கையால் ஒரு நீவு நீவி மேசையில் வைப்பதற்குள் அடுத்த விரிப்பு எட்டிப் பார்க்கும். ஊரிலுள்ள விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் படுத்து எழுந்தவர்களின் விரிப்புகள் எல்லாம் இந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் வந்தன.

உட்கார்ந்து மடிக்க முடியாது. உட்கார்ந்தால் துணி தரையில் இழுபடும் என்று நிர்வாகம் சொன்னது, அது பொய்யும் இல்லை. அதனால் அந்தக் கூடத்தில் முக்காலி என்று ஒன்றே கிடையாது.

ஆனால் பலகை உண்டு. குட்டை வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவருக்கும் இருந்த உயர வித்தியாசத்தில் மடிப்பெல்லாம் கோணிக்கொண்டு போனது. ஒரு விடுதிக்காரர் புகார் சொன்னார். மறுநாளே தச்சர் வந்து குட்டையின் கால் அளவு பார்த்து, ஒரு சாண் உயரத்தில் உறுதியாக ஒரு பலகை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். "ராணிக்கு மேடை வந்தாச்சு" என்று நெட்டை கிண்டல் செய்தாள். அன்றிலிருந்து காலையில் மேடை ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம்.

இப்போது குட்டைக்கு ஏழாம் மாதம். வயிறு மேசை விளிம்பில் இடித்தது. உச்சிப்பொழுதில் அடிவயிறு கல் மாதிரி இறுகி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு தளர்ந்தது. அவள் மடித்துக்கொண்டேயிருந்தாள். மறுபடி இறுகியபோது கையிலிருந்த மூலை நழுவியது.

"என்னடி?" என்றாள் நெட்டை.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் உதட்டைக் கடிக்கிற? போன தடவையும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

குட்டைக்கு அதைக் கேட்டதும் வயிறு இறுகியதைவிட அதிகமாகப் பயம் வந்தது. போன தடவையும் இதே மாதம்தான். பிறந்த பெண் குழந்தை ஒரு பகல் முழுக்க மூச்சுக்குத் தவித்துவிட்டுச் சாயங்காலம் போய்விட்டது. நுரையீரல் இன்னும் முதிரவில்லை என்றார்கள். அவள் கணவன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கை கழுவாமல் ஓடி வந்திருந்ததால் குழந்தையைத் தொட விடவில்லை. கழுவிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இந்தக் குழந்தையாவது மூச்சு விட வேண்டும். வேறு எதையும் அவள் யாரிடமும் வேண்டிக்கொள்ளவில்லை.

வாசல் கேட்டை ஒட்டிக் கம்பெனியின் கிளினிக் இருந்தது. வாரத்துக்கு ஒருவராக டாக்டர்கள் மாறி மாறி வந்து போவார்கள். அந்த வாரம் இருந்தது கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர். வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், பழைய கதையைக் கேட்டார், பிறகு இடுப்பில் ஓர் ஊசி போட்டார்.

"நாளைக்கு இதே நேரத்துக்கு இன்னொண்ணு போட்டுக்கணும். ரெண்டும் சேர்ந்ததுதான் ஒரு மருந்து."

"வலி நிக்கிறதுக்கா டாக்டர்?"

"இது வலிக்கு இல்லம்மா. குழந்தையோட நுரையீரலுக்கு. ஒருவேளை சீக்கிரம் பிறந்துட்டாலும் மூச்சு விடும்."

குட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஓர் ஊசி இருக்கிறது என்று போன தடவை யாரும் சொல்லவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "ஊசி மட்டும் போதாது. நிக்கக் கூடாது. நல்லா ஓய்வு எடுக்கணும். பிரசவம் வரைக்கும் உட்கார்ந்து செய்யிற வேலையா மாத்தித் தரச் சொல்லி எழுதியிருக்கேன்."

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. தன் தேநீரில் பாதியைக் குடிக்காமல் யாருக்காவது நீட்டுகிற ஆள்தான். சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"உட்கார்ந்து செய்யிற வேலைன்னா ஆபீஸ்தான்மா இருக்கு. அங்க உன்னை விடுவாங்களா? ஊசி போட்ட நாள் சிகிச்சை நாள். இன்னைக்கும் நாளைக்கும் கணக்கு, சம்பளத்தோட லீவு. ஓய்வுங்கிறது சிகிச்சையில வராது."

"டாக்டர் எழுதியிருக்காங்களே சார்."

"எழுதுவாங்க. அவங்களுக்கு என்ன, எழுதிட்டுப் போயிடுவாங்க. ஓய்வு வேணும்னா வேலையை விட்டு நின்னுக்கலாம். பேறுகால லீவு ஒன்பதாம் மாசம்தான். அதுவரைக்கும் வேலையில இருந்தாத்தான் அதுவும். நானா வச்ச சட்டம்?"

அவர் வைத்த சட்டம் இல்லைதான். குட்டை வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

அந்த இரண்டு நாளும் அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. முகம் காந்தியது, நெஞ்சு படபடத்தது. ஆனால் கால் வீக்கம் வடிந்தது, வயிறு இறுகுவது நின்றது. இன்னொன்றையும் கவனித்தாள். எந்நேரமும் உதைத்துக்கொண்டிருந்த குழந்தை கொஞ்சம் அடங்கியிருந்தது. கணவன் வந்ததும் சொன்னாள். அவன் சுவரில் ஈரம் பார்ப்பது போல வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தான்.

"அவரும் லீவு போட்டுட்டார்போல" என்றான்.

"விளையாடாதீங்க. பயமா இருக்கு."

"அம்மா படுத்தா பிள்ளையும் படுக்குது. இதுல என்ன பயம்?" என்றவன், கொஞ்சம் பொறுத்து, "ஊசி போட்டாச்சுல்ல, இனிமே மூச்சு விடும்ல?" என்று அவனே கேட்டான். மூன்றாம் நாள் குழந்தை பழையபடி உதைக்க ஆரம்பித்தது. அன்று குட்டை மேடை ஏறினாள்.

அந்த வாரம் முழுக்க நின்றாள். நெட்டை தன்னால் ஆனதைச் செய்தாள். துணிக்கட்டைத் தானே தூக்கினாள், மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் போனதும் உருளையின் வேகத்தைக் குறைத்தாள். நெட்டைக்கும் நாள் தள்ளிப்போய் நாலு மாதம் ஆகியிருந்தது. உயரமான உடம்பாதலால் வெளியே தெரியவில்லை, குட்டையைத் தவிர யாருக்கும் அவள் சொல்லவும் இல்லை. வார முடிவில் குட்டையின் வயிறு மறுபடி இறுகியது.

கிளினிக்கில் இப்போது வேறொரு டாக்டர், வயதானவர். குட்டை தானாகவே சொன்னாள்: "போன வாரம் குழந்தையோட மூச்சுக்கு ஊசி போட்டாங்க டாக்டர். வலி வந்தா வரச் சொன்னாங்க."

"வலி மறுபடியும் வந்துடுச்சா? சரி, இன்னொரு தடவை போட்டுடலாம். நாங்க படிச்ச காலத்துல வாரா வாரம் போடுவோம்" என்றார் அவர். சீட்டு எழுதினார். மறுபடி இரண்டு நாள் கிடைத்தது. மறுபடி முகம் காந்தியது, கால் வடிந்தது, குழந்தை அடங்கியது.

அதற்கு அடுத்த வாரம் வயிறு இறுகவில்லை. இடுப்பு விட்டுப்போனது, பாதம் செருப்புக்குள் நுழையவில்லை, அவ்வளவுதான். மத்தியானம் விரிப்பின் மூலையைச் சேர்க்க வந்த நெட்டை அவள் காதோரம் குனிந்தாள்.

"இந்த வாரம் ஊசி இல்லையாடி?"

"வலிக்கலையே."

"வலிக்குதுன்னு சொன்னா வயித்துக்குள்ள பூந்தா பார்க்கப் போறாங்க? போ. ரெண்டு நாள் காலை நீட்டிப் படு. ஊசியும் நல்ல ஊசிதானே, பிள்ளைக்குத்தானே போகுது."

குட்டை யோசித்தாள். ஓர் ஊசி நல்லதென்றால் இன்னும் இரண்டு போட்டால் நுரையீரல் இன்னும் உறுதியாகும், கூடவே ஓய்வும் கிடைக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவளுக்குப் புரியவில்லை. போனாள். இந்தத் தடவை இருந்தது சின்ன வயசு டாக்டர். "இதுக்கு முன்னாடி இந்த ஊசி போட்டிருக்கீங்களா?" என்று அவர் கேட்டபோது, போட்டிருக்கிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுவாரோ என்று தோன்றியது.

"இல்ல டாக்டர்" என்றாள்.

சீட்டுகள் மேற்பார்வையாளரின் மேசைக்குப் போய்விடும். கிளினிக்கில் எதுவும் தங்காது. ஒவ்வொரு டாக்டரும் தன் வாரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரமும் அவள் "இல்ல" என்றுதான் சொன்னாள். இப்போது சொல்லும்போது நாக்கு தடுக்கவில்லை. கூடத்தில் மற்றவர்கள்கூட, "ராணிக்கு ஊசி நாள் வந்தாச்சா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மேற்பார்வையாளருக்கும் தெரிந்திருக்கும். சீட்டை வாங்கி, அவளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

கணவன் மட்டும் ஒருநாள் அவளை நின்று பார்த்தான். "முகம் உப்பியிருக்கு. வயிறு மட்டும் போன வாரம் மாதிரியேதான் இருக்கு" என்றான்.

"உங்க கண்ணுக்கு எல்லாம் சுவராத்தான் தெரியும்" என்றாள். அவனும் சிரித்தான். ஆனால் அவளுக்குள் அது உறுத்திக்கொண்டேயிருந்தது. குளிக்கும்போது வயிற்றைச் சுற்றிக் கையை விரித்து அளந்து பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

எட்டாம் மாதம் பாதி ஓடியிருந்த ஒரு முற்பகல், பலகையின் மேல் நின்றிருந்தபோது காலோடு வெந்நீர் இறங்கியது. முதலில் உருளையிலிருந்துதான் நீர் ஒழுகுகிறது என்று நினைத்தாள். நெட்டை கையிலிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வந்து அவளைப் பிடித்தாள். மேற்பார்வையாளர் ஓடி வந்தார். தரையில் கிடந்த விரிப்பைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு வாசலுக்கு ஓடி வண்டியை எடுக்கச் சொன்னார். துணி கொண்டுபோகும் வண்டியில், மடித்துக் கட்டிய விரிப்புகளின் மேல் அவளைப் படுக்க வைத்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த விரிப்புகளில் அவள் படுத்தது அன்றுதான்.

பெரிய மருத்துவமனையில் பொழுது சாய்வதற்குள் பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. பிறந்ததும் அழுதது. அறையே கேட்கிற மாதிரி, விடாமல் அழுதது. குட்டை படுத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அவள் காதில் வேறெதுவும் ஏறவில்லை.

"மூச்சு?" என்றாள்.

"நல்லா விடுதும்மா. குழாயே வேண்டாம்" என்றாள் நர்ஸ். கணவன் இந்தத் தடவை முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு தயாராக நின்றிருந்தான். ஒரு விரலை நீட்டினான். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கை அவன் விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் எடை போட்டார்கள். நர்ஸ் தராசைப் பார்த்துவிட்டு, மாதக் கணக்கை மறுபடி கேட்டாள். கேட்டுவிட்டு டாக்டரை அழைத்து வந்தாள். குட்டை கையில் வாங்கிப் பார்த்தாள். துணி தூக்கிப் பழகிய கை, எடை தெரியும். பிழிந்த துண்டு ஒன்றின் கனம்தான் இருந்தது. தலையும் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது.

குழந்தைகள் வார்டின் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"எட்டாம் மாசக் குழந்தைக்கு இருக்க வேண்டிய எடையைவிட ரொம்பக் குறைவா இருக்கு. நுரையீரலுக்கு ஊசி போட்டிருந்தாங்களா?"

"போட்டாங்க."

"எத்தனை தடவை?"

குட்டை கணவனைப் பார்த்தாள். பொய் சொல்லப் பயமாக இருந்தது, உண்மையைச் சொல்ல அதைவிடப் பயமாக இருந்தது. "நாலு" என்றாள். "ஒவ்வொரு தடவையும் ரெண்டு ரெண்டு."

டாக்டர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "முதல் தடவை போட்டது நல்லது. அதனாலதான் இவன் தானா மூச்சு விடுறான். தேவைப்பட்டா இன்னொரு தடவையும் போடுவோம். அதுக்கு மேல திரும்பத் திரும்பப் போட்டா குழந்தையோட வளர்ச்சி குறைய வாய்ப்பு இருக்கு. அதான் இப்ப அப்படிப் போடுறதில்லை."

"அப்ப நான்தான் பிள்ளையச் சின்னதாக்கிட்டேனா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. நாள் முழுக்க நின்னதும் காரணமா இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் வலி வந்துதா?"

"முதல் ரெண்டு தடவை வந்துது."

"அப்புறம் எதுக்குப் போட்டுக்கிட்டீங்க?"

"உட்காரணும்னு, டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை. கணவன் புரியவைத்தான். ஊசி நாள் என்றால் என்ன, ஓய்வு நாள் என்றால் என்ன என்று, தனக்கே இப்போதுதான் முழுசாகத் தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். டாக்டர் குறிப்பேட்டை மூடினார். திட்டுவார் என்று குட்டை எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. "இனிமே அவன் எடை ஏறணும். அதைப் பார்ப்போம்" என்று எழுந்தார். குட்டை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். கணவன் அவள் முதுகில் கை வைத்தபடி நின்றான். சுத்தமாக இருந்த அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவனுக்கு வேறு இடம் தெரியவில்லை.

மறுநாள் நர்ஸ் வந்து அவளை ஜன்னலோரம் கூட்டிப்போனாள். அங்கே சாய்வான முதுகு வைத்த, கையுள்ள பெரிய நாற்காலி ஒன்று இருந்தது. மெத்தை தைத்தது. குட்டையை அதில் உட்காரச் சொன்னாள். குழந்தையை வெறும் உடம்போடு அவள் நெஞ்சில் கவிழ்த்து வைத்து, இருவரையும் சேர்த்து ஒரு துணியால் கட்டினாள்.

"இப்படியே வச்சிருங்க. உங்க சூடு அவனுக்குப் போகணும். பால் குடிப்பான், தூங்குவான், எடை ஏறும்."

"எவ்வளவு நேரம் சிஸ்டர்?"

"எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம். நாள் பூரா உட்கார்ந்தாலும் நல்லதுதான்."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

நர்ஸ் சிரித்தாள். "எழுந்தாத்தான் சொல்வோம். இதுதாம்மா இவனுக்கு மருந்து."

குட்டை உட்கார்ந்தாள். முதலில் நுனியில் உட்கார்ந்தாள், பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்தாள். நெஞ்சின் மேல் குழந்தை சின்னச் சின்னதாக மூச்சு விட்டது. அதன் முதுகு ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். நாட்கள் போயின. எடை இறங்கியது, அப்படியே நின்றது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏறிய அன்று கணவன் வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான். டாக்டர், இன்னும் நாள் பிடிக்கும், வளர வளரப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

வார விடுமுறையன்று நெட்டை வந்தாள். கையில் குழந்தைக்குக் குல்லாய் பின்னிக்கொண்டு வந்திருந்தாள். போட்டுப் பார்த்தால் கழுத்து வரைக்கும் இறங்கியது.

"ஐயே, இவன் வளர்ந்து போட்டுக்கட்டும்" என்றாள். குழந்தையை வெகுநேரம் பார்த்தாள். "அழுதானாமே பிறந்ததும். கேட் வரைக்கும் சேதி வந்துது."

"அழுதான்."

"அதுபோதும்டி." பிறகு கூடத்துக் கதைகளைச் சொன்னாள். குட்டையின் இடத்துக்கு வந்தவள் உயரமானவளாம். பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டார்களாம். இப்போது நடந்து வந்து மூலை சேர்ப்பது இரண்டு பேருக்கும் பாதிப்பாதியாம். சொல்லிக்கொண்டே நெட்டை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வயிறு இப்போது மறைக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது. செருப்பின் வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது.

நெட்டை ஜன்னலைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பாமலே கேட்டாள்.

"அந்த ஊசிக்கு என்ன பேர்டி? எனக்கும் ஆறு மாசம் முடியப் போகுது. எந்த டாக்டர் இருக்கிறப்ப போனா கேள்வி கேட்காம போடுவாங்க?"

குட்டை துணியைக் கொஞ்சம் விலக்கிக் குழந்தையின் முதுகைக் காட்டினாள். எலும்பு எண்ணிவிடலாம் போலிருந்தது.

"வேணும்னா டாக்டர்தான் சொல்லணும். நீயா கேட்டுப் போட்டுக்காத. சத்தியமா வேணாம்."

நெட்டைக்கு முகம் விழுந்துவிட்டது. "எனக்கு எதுக்குடி ஊசி? எனக்கு வலியே இல்ல. ரெண்டு நாள் உட்காரணும். அவ்வளவுதான்."

குட்டை அவள் பாதத்தைப் பார்த்தாள். குழந்தையைக் கட்டியிருந்த துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டு, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள்.

"உட்காரு" என்றாள்.

"ஏய், நீ உட்காரணும். பச்சை உடம்புடி உனக்கு."

"உட்காருடி."

நெட்டை நாற்காலியைப் பார்த்தாள், கதவுப் பக்கம் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். அவ்வளவு நெடிய உடம்பு அதற்குள் அப்படியே அடங்கியது. செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் கண் மூடிக்கொண்டது.

அந்தப் பக்கம் வந்த நர்ஸ் நின்றாள். "என்னம்மா இது? உங்களைத்தானே உட்காரச் சொன்னேன்?"

"கொஞ்ச நேரம் சிஸ்டர்" என்றாள் குட்டை. "அவ இன்னைக்கு மட்டும்தான் வர முடியும்."

நெட்டை தூங்கினாள். ஜன்னலோரம் குட்டை, பலகையின் மேல் நிற்கிறவளைப் போலக் காலைச் சற்று அகட்டி, பாரத்தை ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். அவள் நெஞ்சோடு ஒட்டிக் குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.